பஞ்சு அடைத்த டப்பா

வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் அறிவுச்செல்வி வேலை பார்க்கும் இடத்தில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். கண்ணிமையில் ஒட்டும், மூச்சில் ஏறும். காலையில் மில் பஸ்ஸில் அரைத் தூக்கமாகச் சாய்ந்திருக்கும்போதும் அது அவளுக்குள் பறக்கும். அவள் போடும் மாத்திரை அப்படிப்பட்ட கனவுகளைத் தந்தது. ஒரு கனவில் அவள் நூற்ற நூல் கம்பங்காட்டுக்கு மேலே மெல்ல ஏறிப் போனது. அதைப் பிடித்துக்கொண்டு அவளும் போனாள். எங்கே என்று தெரியவில்லை. பயமே இல்லை.

விழித்தால் பயம்தான். புருஷன் உடையப்பன் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வரும் நாட்களில் அவள் மாட்டேன் என்றால் அடிப்பான். ஆணுறை போடச் சொன்னால், சந்தேகப்படுகிறாயா என்று இன்னும் அடிப்பான். அடிக்குப் பயந்து அவள் வாயை மூடிக்கொண்டதில்தான் எச்.ஐ.வி. அவளுக்கு வந்தது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும், "நீதான்டி எங்கிட்டோ போயி வாங்கிட்டு வந்திருக்கே" என்றான். அவன் பரிசோதனைக்கு வரமாட்டானாம், மானம் போய்விடுமாம். முதல் மாத்திரை டப்பா கிணற்றுக்குள் போனது. மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை.

இத்தனைக்கும் அவனுக்குப் பாம்புக் காது. டப்பா லேசாகக் குலுங்கினாலும் கேட்டுவிடும். அதனால் புது டப்பாவை மில்லுக்கே கொண்டுவந்து, உள்ளே பஞ்சை அடைத்தாள். டப்பா வாயடைத்துப் போனது. வீட்டுக் காதுக்குப் பயந்தவள் மில் கேட்டை மறந்துவிட்டாள். அங்கே ஒரு துணுக்குப் பஞ்சுகூட வெளியே போகக்கூடாது.

ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் பை சோதிக்கும் நஜ்முன்னிசா டப்பாவைத் திறந்து பஞ்சை உருவினாள்.

"என்னம்மா இது? மேல தெரிஞ்சா வேலை போயிரும்."

பின்னால் வரிசை நின்றது. ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கனவில் வந்த அந்த நூலைக் கையில் பிடித்திருப்பது போலவே இருந்தது அவளுக்கு.

"எச்.ஐ.வி. மாத்திரைதான்க்கா. சத்தம் கேட்டா எங்க வீட்டுக்காரர் அடிப்பாரு, தூக்கி எறிஞ்சிருவாரு. அதுக்குத்தான் பஞ்சு வச்சேன்."

வெட்கமாக இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியம்.

நஜ்முன்னிசா பஞ்சை அவள் கையிலேயே திணித்தாள்.

"அடைச்சுக்கம்மா. நான் பாக்கல."

நல்ல மனசுதான். ஆனால் அறிவுச்செல்விக்கு அழுகை முட்டியது. ஆயுசுக்கும் இப்படி அடைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

"வேணாம்க்கா," என்று பஞ்சைத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னைக்கு அந்த வீட்டுக்குப் போகல. ரெட்டியார்சத்திரத்துல எங்க அக்கா இருக்கு, அங்க போறேன்."

சாயங்கால வெயிலில் பஸ் தூங்கிவழிந்துகொண்டு ஓடியது. பள்ளம் வரும்போதெல்லாம் மடியிலிருந்த டப்பா கலகலவென்று குலுங்கியது.

"என்னத்தா சத்தம்?" என்றாள் பக்கத்து ஸீட்டுக்காரி.

"என் மாத்திரை," என்றாள் அறிவுச்செல்வி.