பாட்டிலில் விட்ட மீன்

முத்தியால்பேட்டையில் வண்ண மீன் கடை வைத்திருப்பவரின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், தோளில் எப்போதும் கண்ணாடி துடைக்க ஒரு துண்டு.

என் வீட்டு மீன்தொட்டியில் போடுவதற்காக வீராம்பட்டினம் கடற்கரையில் மணல் அள்ளி, உப்புப் போக அலசி, அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"கிளிஞ்சத் தூளு கலந்திருக்கு சார். சுண்ணாம்பு கரைஞ்சி தண்ணி ஹார்டாயிடும். நீங்க கேக்குற மீனு தாங்காது."

நான் நம்பவில்லை. அவர் வாதாடவும் இல்லை. அந்த மணலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊறப்போட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

போனேன். பாட்டிலைத் துண்டால் பளிச்சென்று துடைத்துவிட்டு, என் கண்ணெதிரே, நான் கேட்டிருந்த நியான் டெட்ரா ஒன்றை உள்ளே விட்டார். சுண்டுவிரல் நுனி அளவு மீன். சற்று நேரத்தில் அது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ரெண்டு சொட்டு வினிகர் விட்டிருந்தா சுண்ணாம்பு இருக்குன்னு மணல் நுரைச்சே காட்டியிருக்குமே" என்றேன்.

"நொரையப் பாத்தா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க சார். இதப் பாத்தா நம்பறாங்க."

அவர் கடை மணலையே வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது, "அந்த மீனை எடுத்து நல்ல தண்ணியில விட்டுடுங்களேன்" என்றேன்.

அவர் பாட்டிலை இன்னொரு முறை துடைத்து, வாசல் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"அடுத்து வர்றவங்க பாக்கணுமில்ல சார்."

என் தொட்டியில் இதுவரை ஒரு மீனும் சாகவில்லை. கடல் மணல் போடலாமா என்று கேட்பவர்களை அவர் கடைக்குத்தான் அனுப்புகிறேன்.