கடைசி பஸ்ஸுக்காகத் தூக்கிய ரீல்

போன ஞாயிறு மத்தியானம் டிவியில் அந்தப் பழைய காதல் நகைச்சுவைப் படம் போட்டார்கள். சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்த என் மனைவி, சிரிப்புக் காட்சி வருவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கினாள். அந்தப் படம் அப்படி. தேனியில் எங்கள் தியேட்டரில் அது ஓடியபோது பாதி ஊருக்கு வசனம் மனப்பாடம்.

எங்கள் தியேட்டர் என்றால் நான் முதலாளி இல்லை, மேனேஜர். எம்.ஏ. படித்துவிட்டு டிக்கெட் கிழிப்பதை மேற்பார்வை பார்த்தவன். மாலைக் காட்சிக்கு வருசநாட்டுப் பக்கத்துச் சனம் நிறைய வரும். கடமலைக்குண்டுக்குக் கடைசி பஸ் கிளம்புவதற்குள் படம் முடியாவிட்டால் பாதியில் எழுந்து ஓடிவிடுவார்கள். அதனால் நீளமான படங்களில் ஒரு துண்டை விட்டுவிட்டு ஓட்டுவது வழக்கம். பெரும்பாலும் சோகப் பாட்டு பலியாகும். இந்தப் படத்தில் சோகப் பாட்டே இல்லை.

"கடைசிக்கு முந்துன ரீலத் தூக்கிருவமா சார்? அதுல ஒருத்தனும் சிரிக்க மாட்டேங்கிறான்" என்றார் ஆபரேட்டர்.

"தூக்குங்க" என்றேன்.

நாயகியை வேவு பார்க்க மாறுவேடத்தில் அவள் ஆபீசுக்குப் போகும் நாயகன், கலாட்டா செய்து அவள் வேலைக்கே உலை வைத்துவிடுவான். அங்கேதான் கொட்டகை அதிரும். தூக்கிய ரீலில் அவன் மன்னிப்புக் கேட்கிறான். அது இல்லாமல், வேலை போன கையோடு கல்யாணம். யாருமே ஏன் என்று கேட்கவில்லை.

அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. மனைவி போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்தில், வியாபாரிகளுக்கு மாதிரிக் காய்களைத் தட்டில் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். ஏலம் நீளும் நாட்களில் இருட்டித்தான் வருவாள்; அவளுக்கு முன்னால் ஏலக்காய் வாசம் வீட்டுக்குள் வரும். எனக்கு அந்த வாசமே பிடிக்காமல் போயிற்று. ஒருநாள் நேரே போய், அத்தனை வியாபாரிகளுக்கும் முன்னால், "வீட்டுக்குக் கெளம்புடி" என்று கத்தினேன். அவள் அதன்பின் வேலைக்குப் போகவில்லை. அதை நான் வேடிக்கைக் கதையாக்கி, விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லி வந்தேன். நன்றாகவே சொல்வேன். அவளும் சிரிப்பாள்.

டிவியில் படம் முழுசாக ஓடியது. அவள் கை தட்டிலேயே நின்றது.

"ஏங்க, இவன் மன்னிப்புக் கேக்குறான்! இது எப்ப வந்துச்சு?"

"எப்பவும் இருந்துச்சு. நான்தான் தூக்கச் சொன்னேன், கடைசி பஸ்ஸுக்காக."

"அடி ஆத்தாடி! ரோசங்கெட்டவ, இப்படித் தாலிய வாங்கிக்கிறாளேன்னு இத்தன வருசமா அவளையில்ல வஞ்சுக்கிட்டிருந்தேன்!"

டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"போடியில நான் பண்ணுனது தப்பு. அதச் சிரிப்பாச் சொல்லித் திரிஞ்சது அதவிடத் தப்பு."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நீங்க கத்துனப்ப என் கையில தட்டு இருந்துச்சு. காயெல்லாம் கொட்டிப் போச்சு. அத மட்டும் நீங்க யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றாள்.

தியேட்டர் இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். போடியில் விலை கூவும் சத்தம் அடங்கி, ஏலம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. நேற்று அவள் தம்பி வந்திருந்தான். காப்பி குடித்துவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தான்: "மச்சான், அந்தப் போடிக் கதையச் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள்: "அது இப்ப ஓடுறதில்லடா."