ஒரு விசை போதும்

இயந்திரத்துக்காக மனுஷி வளையக் கூடாது, இயந்திரம்தான் வளைய வேண்டும் என்பது சுன்னுவாவின் பிடிவாதம். குளிர்க்கடல் தீவு ஒன்றில், கிளாக்ஸ்விக் மீன் ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். அந்தப் பிடிவாதம் சும்மா வாய்ப்பேச்சு இல்லை என்பது 1991 பிப்ரவரியில் எல்லாருக்கும் தெரிந்தது.

எடை மேடைகளுக்குத் திரையும் விசைப்பலகையுமாகப் பதினாறு டெர்மினல்கள் புதிதாக வந்திருந்தன. எல்லாம் ஒரு நடுப்பெட்டி வழியாகத்தான் பெரிய கணினிக்குப் போகும். இணைப்புக் கட்டளை, கணினியின் பெயர், தன் பெயர், கடவுச்சொல் என்று வரிசையாகத் தட்டினால்தான் எடை பதிய முடியும். முப்பது வருடமாக எடை போடும் எல்ஸ்பாவுக்கு வலக்கையில் இரண்டு விரல் பாதிதான்; மீதியை மீன் வெட்டும் கத்தி என்றைக்கோ கொண்டுபோயிற்று. அவள் எழுத்தைத் தேடித் தட்டுவதற்குள் மீன் மலையாகக் குவிந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். முடியலன்னா மீன் பெட்டி கழுவப் போகட்டும்," என்றார் மேலாளர் ஹோகுன்.

"அவங்க விரலைக் குறை சொல்லாதீங்க. என் நடுப்பெட்டிதான் கேள்வி கேட்டே கொல்லுது," என்றாள் சுன்னுவா.

எந்தக் கம்பியில் எந்த மேடை என்று நடுப்பெட்டிக்குத்தான் தெரியுமே, பிறகென்ன கேள்வி? ஒவ்வொரு கம்பிக்கும் ஆளின் பெயரையும் போக வேண்டிய கணினியையும் எழுதி வைத்தாள். டெர்மினலைப் போட்டாலே எடைத் திரை வந்து நிற்கும்.

புதன்கிழமை காலை சுன்னுவாவின் மானம் கப்பலேறியது. எல்ஸ்பாவின் திரையில் 'இடமில்லை' என்று வந்தது. பெரிய கணினி ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேரைத்தான் ஏற்கும். எடை போடும் பெண்களோ டெர்மினலை அணைப்பதே இல்லை; அதன் சூட்டில்தான் ஈரக் கையுறைகள் காயும். ஆளே இல்லாத மேடைகள் தாமாக உள்ளே போய் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தன.

"அணைக்கச் சொல்லிடு, தீந்துச்சு," என்றார் ஹோகுன்.

"இந்தக் குளிர்ல ஈரக் கையுறையை நீங்க மாட்டிப் பாருங்க, தெரியும்!"

வியாழன் முழுக்க உட்கார்ந்து திருத்தினாள். ஒரு விசையைத் தொட்டால் மட்டும் இணைக்க வேண்டும். பத்து நிமிடம் சும்மா கிடந்தால் இடத்தை விட்டுவிட வேண்டும். கையுறைகள் இருந்த இடத்திலேயே காயலாம்.

வெள்ளிக்கிழமை ஹோகுன் கடிகாரத்தோடு வந்தார். "நானே பாக்கறேன்" என்று எல்ஸ்பாவின் இடத்தில் அமர்ந்து, தன் அறையில் தட்டும் பழக்க தோஷத்தில் இணைப்புக் கட்டளையை முழுசாகத் தட்டினார். முதல் எழுத்திலேயே இணைந்துவிட்ட கணினி மிச்சத்தை எடை என்று எடுத்துக்கொண்டது. 'எடை தவறு' என்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே. கடுப்பில் டெர்மினலை அணைத்துப் போட்டார்; திரை வெறுமையாக நின்றது.

"எந்திரி தம்பி, மீன் காத்துக் கெடக்கு," என்றாள் எல்ஸ்பா. முழங்கையால் ஒரு விசையை இடித்தாள். எண்களுக்கு மிச்சமிருந்த விரல்கள் தாராளம். ஹோகுன் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குமுன் மூன்று பெட்டி மீன் போய்விட்டது. அவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் எல்ஸ்பா திரையைச் சரியாகப் படித்தாள். 'எல்ஸ்பா, எடை?' என்றிருந்தது.

"அடியே, இதுக்கு என் பேரு தெரியுதே!"

"முப்பது வருஷமா இங்க நிக்கிறீங்க அக்கா," என்றாள் சுன்னுவா. "தெரியாம இருந்தாத்தான் அதுக்கு அசிங்கம்."