லூர்து அண்ணனின் வலது கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கை என்னுடையது. நடந்தது எனக்குத் தெரியும்.

1926, ஆடி மழை. ரங்கூனில் கியாக்டடா பக்கம் ஒரு விஸ்கிக் கிடங்கில் நான் குமாஸ்தா. மாதிரிப் புட்டிகளைச் சோம்பலில் தரையிலேயே விட்டிருந்தேன். வெள்ளம் புகுந்து இருபத்துநாலு புட்டிகளின் லேபிளும் கழன்றுவிட்டது. நாலு மணிக்கு ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் சரக்கு வாங்க வருகிறார். அதற்குள் ஊர்வாரியாகப் பிரிக்காவிட்டால் வேலை இல்லை என்றார் கிடங்குத் துரை. என் மனைவிக்கு நிறைமாதம்.

எல்லாமே முளைவிட்ட பார்லியில் காய்ச்சிய மால்ட் விஸ்கிதான். ஆனால் ஐலா தீவுச் சரக்கில் புகை மணக்கும். ஹைலண்ட் மலைச் சரக்கில் தேன். கேம்பல்டவுன் சரக்கில் கடல் உப்பு. ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து, சூட்டில் எழும் வாசத்தை வைத்தே ஊரைச் சொல்லிவிடுவார் கிடங்கு மேஸ்திரி லூர்து அண்ணன். ஒரு வாய்கூடக் குடித்தறியாத மனிதர். அவரோ நாலு நாளாகக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எனக்கு எல்லாம் ஒரே சாராய நெடிதான்.

மணி 2.40. கதவு கிரீச்சிட்டது. லூர்து அண்ணன் நின்றார். கொட்டும் மழையில் வந்தவர் சட்டையில் பொட்டு ஈரமில்லை. எனக்கிருந்த நிம்மதியில் அதை யோசிக்கவில்லை.

முதல் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். தேய்த்தார். முகர்ந்தார். முகம் வாடியது.

"வாசம் எழும்பல தம்பி."

அவர் கையில் சொட்டு அப்படியே நின்றது... காயவே இல்லை.

"உன் கையக் குடு."

என் வலது கையைத் தன் வலது கையால் பிடித்தார். பனிக்கட்டிபோலச் சில்லிட்டது. என் உள்ளங்கையில் தேய்த்து, குனிந்து முகர்ந்தார்.

"ஐலா."

டக். புட்டியை வைத்தேன். அடுத்தது. டக். அடுத்தது...

அவர் மூக்கு என் கையைத் தொட்டது.

மூச்சு படவில்லை...

மணி 3.25. கடைசிப் புட்டி. டக். நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

நாலு மணிக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் சுவைத்துப் பார்த்து, ஒன்றுகூடத் தப்பில்லை என்றார். வேலை பிழைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் அண்ணனின் மனைவி ஜூடித் மதினி அழுதுகொண்டிருந்தார். காலை பத்துக்கே உயிர் போய்விட்டதாம்.

"உடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு தம்பி. வலது கை மட்டும் மத்தியானம் திடீர்னு சுட்டுச்சு... புகை வாடை வேற. மூணு இருபத்தஞ்சுக்குத்தான் அதுவும் அடங்குச்சு."

என் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அது இன்றுவரை சூடேறவில்லை.

மூன்றாம் நாள் மகள் பிறந்தாள். அவளை நான் இடது கையால்தான் தொடுகிறேன்.