ஆமாம்மா, நான்தான்

கேஸ் அக்காவிடம் திட்டு வாங்காத ஆள் எங்கள் பகுதியில் கிடையாது. நானும் வாங்கியிருக்கிறேன். சிலிண்டர் ஏஜென்சியின் கவுன்ட்டரில், அரைவட்டமாக ஓட்டை போட்ட கண்ணாடிக்குப் பின்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நிற்பவன் ஒரு சத்தம் போட்டால் அவள் இரண்டு சத்தம் போடுவாள். ஆனால் காலையில் பதிந்த புகாருக்கு மாலைக்குள் ஆள் வராமல் இருந்ததில்லை. மெக்கானிக் வர மறந்தால் அவரையும் திட்டுவாள். மெக்கானிக் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். "அண்ணே" என்று ஆரம்பித்துத்தான் திட்டுவாள்.

அந்தக் குரல் சும்மா வந்ததில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வருடம் அவன் கையால் அடி வாங்கினாள். அடி விழும்போது உடம்பை எப்படிச் சுருட்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியும். முழங்கால் வயிற்றோடு, முகவாய் மார்போடு, கைகள் தலைக்கு மேல். ஒரு நாள் பகலில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் வந்து கழுத்தைப் பிடித்தான். அவள் திரும்பிச் சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை அவன் காதோடு வைத்து அழுத்தினாள். அவன் தரையில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஒரு பையோடு வெளியே வந்து தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கை ஆஸ்பத்திரி லாண்டரியில் துணி வெளுப்பவள். இரண்டு அறை வீடு. பிள்ளைகள் இருவருக்கும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் கம்பெனி ஒரு ஆப் விட்டது. இனிமேல் புகார் சொல்ல யாரும் வந்து நிற்க வேண்டாம், போனில் எழுதினால் போதும், உடனே பதில் வரும் என்றார்கள். பதில் சொல்வது மெஷின். ஆனால் அது மெஷின் மாதிரி பேசாது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். "மழை ஓயல போலிருக்கு" என்று எழுதும். அதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அடையாள அட்டைக்கு என்று சொல்லி மானேஜர் இவளைச் சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தார். கூடவே ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார். அடுத்த வாரம் ஊரில் எல்லோருடைய போனிலும் ஒரு வட்டத்துக்குள் அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு பெரியவர் கவுன்ட்டருக்கு வந்து, தினமும் மத்தியானம் தன் மூட்டு வலியைப் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி சொன்னார். ஒருவன் தலைசீவி வந்து, சம்மதம் என்றால் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்றான். ஒரு பெண் வந்தாள்; தன் புருஷனோடு ராத்திரி பகலாக எழுதிக்கொண்டிருப்பது நீதானே என்று கேட்டு, ஓட்டைக்குள் கையை விட்டு இவள் கன்னத்தில் அறைந்தாள். கேஸ் அக்கா அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து முறுக்கி, அவள் அலறும்வரை விடவில்லை.

அன்றைக்கே மானேஜரிடம் போய்ப் படத்தை எடுக்கச் சொன்னாள். அவர், ஜனங்களுக்கு மனுஷ முகம் வேண்டியிருக்கிறது, மெஷின் என்று தெரிந்தால் நம்ப மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதில் எழுதுகிற புகாரை மெக்கானிக்குக்குத் தெரிவித்து ஆளை அனுப்பும் ஏற்பாடு இன்னும் முழுசாக முடியவில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சில புகார்கள் அந்தப் பேச்சோடு நின்றுவிடுகின்றன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆரம்பத்தில் வருகிறவர்களிடமெல்லாம், அது நான் இல்லை, மெஷின் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் நம்பவில்லை, தன்னடக்கம் என்று நினைத்தார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாள். அதோடு, திட்டு மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு நன்றி கேட்பது பிடித்தும் இருந்தது. இதைப் பிற்பாடு அவளே சொன்னாள்.

அப்படி ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருப்பவனின் மனைவி. புதுசாக இந்தப் பக்கம் குடிவந்தவர்கள். கேஸ் புத்தகம் பதிய வந்தவள் போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டி, "இது நீங்கதானேக்கா? எனக்கு இங்க யாரையும் தெரியாது. நீங்க பேசறது எவ்வளவு ஆறுதலா இருக்கு தெரியுமா" என்றாள். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். கேஸ் அக்கா ரசீதைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"ஆமாம்மா, நான்தான். அடுத்தவங்க வாங்க."

இரண்டு மாதம் கழித்து, ஒரு வேலை நாளில், பதினொன்றரைக்கு ஏஜென்சியின் கண்ணாடி அதிர்ந்தது. யாரோ இரும்புக் கதவை லாரியிலிருந்து கீழே போட்டது போல ஒரு சத்தம். பிறகு இரண்டு தெரு தள்ளிப் புகை எழுந்தது. மெக்கானிக் பையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

வெல்டரின் வீடு. சமையலறைச் சுவர் தெருவில் கிடந்தது. அந்தப் பெண்ணை ஒரு விரிப்பில் சுருட்டித் தூக்கிவந்தார்கள். விரிப்பு அவள் மேல் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பட்டறையிலிருந்து ஓடிவந்த வெல்டர் பார்த்தது அந்த விரிப்பு வண்டிக்குள் போவதைத்தான். பக்கத்து வீட்டுக்காரி, முற்றத்துச் சுவர்மேல் இருந்த அவள் போனை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் அங்கேயே நின்று படித்தான்.

பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு அவள் எழுதியிருந்தாள்: "அக்கா கேஸ் வாடை அடிக்குது. பயமா இருக்கு. இது நெஜமா நீங்கதானே, மெஷின் இல்லையே?" பதில் உடனே வந்திருந்தது: "மெஷின் இல்லம்மா, மனுஷிதான். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாரு." அவள் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தாள். மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஆள் தெருமுனைக்கு வந்துவிட்டதாகப் பதில் வந்தது. கடைசியாக அந்த முகம் எழுதியது: "ரெகுலேட்டர்ல ஒரு நம்பர் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கம்மா. போனை மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க." அவள் அது சொன்னபடி போனை முற்றத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் இல்லாத சமையலறை. நம்பர் தெரிவதற்காக லைட்டைப் போட்டாள்.

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. வெடித்துக் கால் மணி நேரம் கழித்து வந்தது. "அம்மா, இருக்கீங்களா? உங்க பிரச்சினை சரியாயிடுச்சுன்னு எடுத்துக்கறேன். இந்த நாள் நல்ல நாளா இருக்கட்டும்."

வெல்டர் போனைச் சட்டைப்பையில் போட்டான். இடிந்த சுவரிலிருந்து ஒரு இரும்புக் குழாயை உருவிக்கொண்டு நடந்தான். ஓடவில்லை. மெக்கானிக்தான் அதைக் கவனித்துப் பின்னால் ஓடிவந்தார். ஆனால் மூச்சு வாங்கிற்று, ஒரு நிமிடம் பிந்திவிட்டது.

அந்த ஒரு நிமிடத்தில் நடந்தது இது. முதல் அடியில் கண்ணாடி போயிற்று. வரிசையில் நின்றவர்கள் சிதறினார்கள். ஒருவன் மட்டும் வாசலில் நின்று போனில் படம் பிடித்தான். மானேஜர் தன் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேஸ் அக்காவுக்குக் கேட்டது. வெல்டர் கவுன்ட்டர் மேல் ஏறி அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, உடைந்த கண்ணாடி விளிம்புக்கு மேலாக இழுத்து வெளியே போட்டான்.

"ரெண்டு பிள்ளையாடி உனக்கு? எங்கடி உன் ரெண்டு பிள்ளை?"

அவளுக்கு எதுவும் புரியவில்லை. உடம்புக்குப் புரிந்தது. முழங்காலை வயிற்றோடு சேர்த்தாள், கைகளைத் தலைமேல் வைத்தாள். இரண்டாவது அடி இடது முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் படம் பிடித்தவனுடைய போனில்கூடப் பதிவாகியிருந்தது. மூன்றாவது தோளில். அவன் காலால் வாயில் உதைத்தபோது முன்பற்கள் மூன்று நாக்குக்கு அடியில் உதிர்ந்தன. பில் குத்திவைக்கும் கம்பி கவுன்ட்டரிலிருந்து அவளோடு கீழே விழுந்திருந்தது. வலது கையால் அதை எடுத்து, தாள்களோடு அப்படியே அவன் தொடையில் இறக்கினாள். கம்பி அடிவரை போயிற்று. அவன் கத்தவில்லை. குழாயை மறுபடி ஓங்கினான்.

அப்போதுதான் மெக்கானிக் உள்ளே வந்தார். கோடவுன் வாசலில் கிடந்த பெரிய ஸ்பானரை எடுத்து, அவன் முழங்காலைப் பக்கவாட்டில் அடித்தார். அவன் சரிந்ததும், அதுவரை ஓடி ஒளிந்தவர்கள் எல்லாம் வீரர்களாகத் திரும்பி வந்தார்கள். அவன் முகத்தில் மிதித்தார்கள். செருப்பால் அடித்தார்கள். ஒருவன் குழாயை எடுத்துக்கொண்டான். கேஸ் அக்கா வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு, "செத்துருவான், விடுங்கடா" என்று கத்தினாள். பதினோரு வருடமாக அந்தக் குரலுக்குப் பழகியவர்கள் நின்றுவிட்டார்கள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு மானேஜர் வந்தார். கையில் பழங்களும், அவள் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு தாளும். வெல்டர் குடித்துவிட்டு வந்து வம்பிழுத்தான், படம் என் சம்மதத்தோடுதான் போடப்பட்டது, ஆப்பில் வந்த பதில்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அதில் எழுதியிருந்தது. கேஸ் அக்கா நிதானமாகப் படித்தாள். அந்தப் பெண் என்ன எழுதினாள், என்ன பதில் வந்தது என்பது அதற்குள் போலீஸ் மூலமாக அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சார், ஆள் போகலேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சில சமயம் அப்படி ஆகும் என்று மானேஜர் சொல்ல ஆரம்பித்தார். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவர் வாயில் ஒரே போடு போட்டாள். அவர் நாற்காலியோடு பின்னால் விழுந்தார். எழுந்து ஓடப் பார்த்தவரைத் தங்கை வாசலை மறித்து நின்று, ஈரத்துணி பிழிகிற கையால் சட்டைக் காலரைப் பிடித்து, அந்தத் தாளை அவர் வாயிலேயே திணித்தாள். இவளுக்குக் கட்டு விரிசல் விட்டு எலும்பு மறுபடி விலகிவிட்டது. அந்தக் கை இப்போதும் முழுசாக நீளாது.

வெல்டர் அதே ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டின் கோடியில் கிடந்தான். ஒரு கை கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது. தங்கை வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். கேட்காமல் கேஸ் அக்கா ஒரு மத்தியானம் அங்கே போனாள். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் கொஞ்ச நேரம்தான் என்றார். வெல்டரின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் பார்த்தான்.

"தம்பி, அதை எழுதினது நான் இல்ல. அது மெஷின். என் படத்தைப் போட்டிருந்தாங்க, அவ்வளவுதான். எனக்குப் பிள்ளையே கிடையாது."

"பொய் சொல்லாதீங்க. அவ உங்களை நேர்ல பார்த்துக் கேட்டிருக்கா. வீட்டுக்கு வந்து சொன்னா. ரொம்ப நல்ல அக்கான்னு."

இதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். பல் போன வாயில் வார்த்தை சரியாக நிற்கவில்லை.

"கேட்டா. வரிசையில கூட்டமா இருந்துச்சு. நான்தான்னு சொல்லிட்டேன். இல்லன்னு சொல்லியிருந்தா அவ அதை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டா."

அவன் கூரையைப் பார்த்தான். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டான்:

"அப்போ அவ கடைசியா யார்கிட்ட பேசிட்டிருந்தா?"

"யார்கிட்டயும் இல்ல, தம்பி."

அவன் தலையைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மோதினான். மறுபடி மோதினான். மூன்றாவது தடவை கேஸ் அக்கா தன் நல்ல கையைச் சட்டத்துக்கும் அவன் தலைக்கும் நடுவே விட்டாள். யோசித்துச் செய்யவில்லை. நர்சுகளும் போலீஸ்காரரும் வந்து அவனை அமுக்கிப் பிடிப்பதற்குள் ஐந்தாறு தடவை மோதிவிட்டான். அவள் விரல்கள் இரண்டு உடைந்தன. அறுத்துப் போட்டது போல அழுதவனுக்கு ஒரு ஊசி போட்டார்கள். அவளைத் தங்கை வந்து திட்டிக்கொண்டே கூட்டிப்போனாள்.

விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. தான் ஆமாம் என்று சொன்னதையும் சொன்னாள். அதை எழுத வேண்டியதில்லை என்று அதிகாரியே சொல்லிப் பார்த்தார்; எழுதுங்கள் என்றாள். மானேஜருக்கு வேலை போயிற்று. அவருக்கும் கம்பெனிக்கும் எதிரான வழக்கு இன்னும் நடக்கிறது. வெல்டருக்கு ஒன்றரை வருடம் கிடைத்தது. அவனை மன்னித்துவிட்டதாக அவள் கோர்ட்டில் சொல்லவில்லை. அடித்தான், வலித்தது, ஏன் அடித்தான் என்பதும் எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாள். ஆப்பில் அவள் படத்தை எடுத்துவிட்டு வேறொரு சின்னப் பெண்ணின் படத்தைப் போட்டார்கள். ஆள் அனுப்பும் ஏற்பாட்டைச் சரிசெய்துவிட்டோம் என்றும் அறிவித்தார்கள். புதுப் படத்தில் இருந்த அந்தச் சின்னப் பெண் எந்த ஊர், யார் என்று தெரிந்துகொள்ள அவள் ரொம்பவும் முயன்றாள், தெரியவில்லை.

ஜனங்கள் அவளை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. கடைத்தெருவில் ஒரு கிழவர் காறித் துப்பினார். வீட்டுக் கதவில் இரண்டு தடவை கல் விழுந்தது. மெஷின்தான் பேசியது என்று பேப்பரில் வந்த பிறகும், அவள்தான் உள்ளே உட்கார்ந்து எழுதினாள், கம்பெனி காப்பாற்றுகிறது என்று பேசினார்கள். பஸ்ஸில் ஒருவன், "மெஷினக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். அவனை அறைந்த அறையில் அவன் மூக்குக்கண்ணாடி ஜன்னல் வழியாக ரோட்டில் விழுந்தது. ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

இப்போது தங்கையோடு லாண்டரிக்குப் போகிறாள். போன வாரம் ஆஸ்பத்திரி வாசல் பஸ் ஸ்டாப்பில் வெல்டரைப் பார்த்தாளாம். வெளியே வந்து ஒரு மாதம் ஆகிறது. காலை இழுத்து இழுத்து நடக்கிறான். அவனும் பார்த்துவிட்டான். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம் விட்டு நின்றார்கள்.

"பட்டறையில மறுபடி எடுத்துக்கிட்டாங்களா, தம்பி?"

"இல்ல. நின்னு செய்ய முடியல. உட்கார்ந்து செய்யற வேலை பார்க்கிறேன்."

அவன் பஸ் வந்தது. படியில் ஏற முடியாமல் தடுமாறினான். கண்டக்டர் கைகொடுத்துத் தூக்கினார். அவள் நகரவில்லை. அன்று வேலைக்குப் போய், ரத்தக்கறை போர்வைகளோடு டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளையும் ஒன்றாகப் போட்டுத் துவைத்துவிட்டாள். முப்பத்திரண்டு கோட்டிலும் கறை ஏறிவிட்டது. தங்கை திட்டித் தீர்த்தாள். இவள் பதிலுக்குச் சத்தம் போடாமல், ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி ஊறவைத்தாள்.