கோரையை வளர்த்தவன்

அடையாறில் எங்கள் குடியிருப்பின் சிறிய புல்தரை முழுக்கக் கோரைக் களை. போன வாரம் அதைப் படமெடுத்து, "தோட்டக்காரம்மா வேலையே செய்வதில்லை" என்று குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஆளை மாற்றுவதென்று முடிவானது.

இன்று காலை, விஷயம் தெரியாத தோட்டக்காரம்மா செல்வி கோரையைக் கிழங்கோடு தோண்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு பிடுங்கினாலும் வருதே?" என்றேன்.

"வராம இன்னா பண்ணும் சார்? தெனம் சாயங்காலம் ஓஸ் பைப்பைப் புடிச்சிகினு நீங்க மேலாக்க நனைக்கிறீங்க. கோரைக்குக் கொண்டாட்டம். புல்லுக்கு வாரம் ரெண்டு தபா வுட்டா போதும், ஆனா வேர் வரைக்கும் எறங்கணும். யூரியாவையும் அள்ளிப் போட்டு புல்லைக் கருக்கிட்டீங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு தபா சொன்னேன் சார். காதுல ஹெட்போனை மாட்டிகினு நல்லா தலையாட்டினீங்க."

சிரித்தார்.

மாடிக்கு வந்து, தவறு என்னுடையது என்று குழுவில் எழுதினேன்.

"பரவாயில்லை, புது ஆளிடம் பேசியாச்சு" என்று செயலாளர் பதில் போட்டார்.

செல்வியிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போது அங்கே பேச்சு. எல்லோரும் என்னையே சொல்லச் சொல்கிறார்கள். அவரிடம் நன்றாகப் பேசிப் பழகியவன் நான்தானாம்.

நீங்களாக இருந்தால் முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவீர்கள்?