எங்கோஸின் அடுக்கும் யாயத்தின் மேஸ்திரியும்

யாயத் ருஹியாத்தை நான் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. அதை அவருடைய குற்றம் என்று சொல்லமாட்டேன். இந்தோனேசியாவின் பாண்டுங்கில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு வித்தைக் கூட்டத்தில் யாருமே யாரையும் நம்புவதில்லை. பக்ஸோ என்கிற இறைச்சி உருண்டை சூப் விற்கும் கடையின் பின்னறையில் எட்டுப் பேர் உட்காருவோம். ஒருவர் வலது கையை விரித்துக் காலி என்று காட்டினால், மற்ற ஏழு பேரும் இடது கையைத்தான் பார்ப்போம். பாம்பின் கால் பாம்பறியும்.

யாயத்துக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. நாற்பத்தாறு வயது. வேலை முடிந்து வந்தால் ஒன்று சீட்டு, இல்லாவிட்டால் லேப்டாப். கம்ப்யூட்டர் நிரல் எழுதத் தெரியாது, ஆனால் ஏஐயிடம் சொல்லி எழுதவைப்பார். அதற்கு மேஸ்திரி என்று பேர் வேறு வைத்திருந்தார். மழை வந்தால் கொடியில் துணி இருக்கிறது என்று கூப்பிடும் கருவி ஒன்று செய்தார்; பூனை ஏறி உட்கார்ந்தாலும் அது மழை என்றது. சோறு வெந்ததும் போனுக்குச் செய்தி அனுப்பும் இன்னொன்று, சோறு தீய்ந்த பிறகு அனுப்பியது. மேஸ்திரி வந்ததிலிருந்து வீட்டில் வேலை கூடித்தான் போயிருக்கிறது என்று அவர் மனைவி எலிஸ் என்னிடம் புலம்பியிருக்கிறாள்.

மேஸ்திரி ஒவ்வொரு அடிக்கும் 'இதைச் செய்யட்டுமா?' என்று கேட்கும். என் ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து யாயத் 'சரி', 'சரி' என்று தட்டிக்கொண்டே போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சீட்டுப் பிரிக்கிற அதே வேகம். ஒரு வரிகூடப் படிக்கமாட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன். வயதில் மூத்தவள் என்று என்னைத் தேத்தே, அக்கா, என்பார்.

"மேஸ்திரி கட்டுற சுவத்துல செங்கல யாராவது எண்ணுவாங்களா தேத்தே?" என்றார்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் எங்கோஸ் கோசாசி. எல்லோருக்கும் அவர் காங், அண்ணன். பொய்ப்பல் செய்வது தொழில். ஒன்பது வருடம் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு சீட்டுக்கும் சொந்தமாக ஒரு வரிசையை அவர் அமைத்திருந்தார். பார்க்கிறவர் கண்ணுக்கு அது கலைத்துப் போட்ட கட்டு. எங்கோஸுக்கோ ஒரு சீட்டைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் எங்கே என்று சொல்லிவிடுவார். நவம்பரில் யோக்யகர்த்தாவில் முந்நூறு வித்தைக்காரர்கள் முன்னால் முதல்முறையாகச் செய்து காட்ட இருந்தார். ஒத்திகை பார்த்துப் பிழை சொல்ல ஆள் வேண்டும் என்று யாயத்துக்கும் எனக்கும் மட்டும் வரிசையைச் சொன்னார். என் கடையில்தான் இரண்டு பிரதி எடுத்தோம். சத்தியம் எதுவும் வாங்கவில்லை. எங்களில் ஒருவர் சத்தியம் செய்தால் அதிலேயே ஏதோ சூது இருக்கிறது என்று நினைப்போம்.

அக்டோபரில் சுரபாயாக்காரர் ஒருவர் வீடியோவில் அந்த வரிசையை முழுசாகப் போட்டு விளக்கிவிட்டார். ஒரு சீட்டுகூடப் பிசகவில்லை. எங்கோஸ் யோக்யகர்த்தாவுக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

சந்தேகம் நேராக என்மேல் வந்து விழுந்தது. பிரதி எடுப்பதே அவள் பிழைப்பு என்றார் ஒருவர். மூன்றாவதாக ஒரு பிரதி எடுத்திருப்பாள் என்றார் இன்னொருவர். ரகசியத்தை வெளியே விட்டவருக்கு எங்கள் மேஜையில் இடம் கிடையாது. அப்புறம் எந்த ஊர் மேஜையிலும் கிடைக்காது. பன்னிரண்டு வருடமாக எனக்கென்று இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான், அதுவும் போய்விடும் என்று பயந்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை என்று எங்கோஸிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அழுகையே வந்துவிட்டது.

எனக்கு யாயத்மேல்தான் சந்தேகம். தெரிந்தது மூன்று பேருக்கு. எங்கோஸ் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. ஆனால் யாயத்தோ என்னைவிட உரக்கக் கத்தினார். "எதுக்கு வாய்ச்சண்டை? முதல்ல எங்க வெளிவந்துச்சுன்னு மேஸ்திரி தேடிச் சொல்லிடும். மடியில கனமில்லன்னா அடுத்த ஞாயிறு வாங்க தேத்தே" என்றார்.

பொறி வைப்பவன் தனக்கு வேண்டாத எலியைத்தான் பிடிப்பான். அதனால் ஒரு நிபந்தனை போட்டேன்: முன்கூட்டியே தேடி வைக்கக்கூடாது, எல்லோர் கண்முன்னால் கடை டிவியில் தேடவேண்டும், தேட வேண்டியதை எங்கோஸ்தான் தட்டவேண்டும். யாயத் கொஞ்சமும் தயங்காமல் ஒத்துக்கொண்டார். அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அந்த ஞாயிறு பக்ஸோ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் எட்டுப் பேரும் டிவியைப் பார்த்தோம். எங்கோஸ் தன் வரிசையின் முதல் பத்துச் சீட்டுகளை ஒற்றை விரலால் தட்டினார். மேஸ்திரி எழுதிய நிரல் தேதியைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனது. சுரபாயா வீடியோ, அக்டோபர் ஒன்பது. அதற்கு முன் மேடான் ஊர் வித்தைக்காரர் குழு ஒன்று, அக்டோபர் இரண்டு. அதற்கும் முன் ஒரே ஒரு பக்கம், செப்டம்பர் பதினான்கு.

யாயத் என்னைப் பார்த்துக்கொண்டே அதைத் திறந்தார். திரையில் அவருடைய படம் இருந்தது, லிஃப்ட் கம்பெனிச் சட்டையில்.

வரிசையை மனப்பாடம் செய்யத் தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொள்ள அவர் செய்த நிரல் அது. அதற்குக் கீழே ஆறு பகுதியில், அழகான இந்தோனேசிய மொழியில், வரிசை எப்படி அமைந்தது, பார்ப்பவர் எந்த இடத்தில் ஏமாறுகிறார் என்று எல்லாம் விளக்கியிருந்தது. கடைசி வரியில் காங் எங்கோஸ் கோசாசிக்கு நன்றி வேறு. ஒருவர் சிரித்தே விட்டார்.

யாயத் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து அந்தப் பக்கத்தை மேலும் கீழும் உருட்டினார். நிரல் முடிந்ததும் விளக்கம் எழுதி ஒழுங்காக ஏற்றிவை என்றுதான் மேஸ்திரியிடம் சொன்னாராம். எல்லோரும் பார்க்கும்படி வைக்கட்டுமா என்று அது கேட்டிருக்கும், சரி என்று தட்டியிருப்பேன் என்றார். "சத்தியமா நான் அதப் படிக்கவே இல்ல காங்."

எங்கோஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒன்பது வருஷம்டா யாயத். சுரபாயாக்காரன் படிச்சிருக்கான், மேடான்காரன் படிச்சிருக்கான். நீ மட்டும் படிக்கலையா?"

யாரும் நம்பவில்லை. பேரும் புகழும் தேடிப் போட்டுவிட்டு இப்போது நடிக்கிறான் என்று ஒருவர் சொன்னார். யாயத் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தேத்தே, உங்க கடையில பாத்திருக்கீங்கள்ல? நான் எதையும் படிக்காமத்தான் தட்டுவேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க சொன்னா காங் நம்புவாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாயத் பொய் சொல்லவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வாரம் இதே ஆட்கள் முன்னால் நான் உண்மையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை. அப்போது என்னை அதிகமாகக் குத்தியவர் இவர்தான்.

"நான் எதையும் பாக்கல" என்றேன்.

எங்கோஸ் தலையை ஆட்டினார். மேஜையில் இருந்த அத்தனை பேரும் என்னை உடனே நம்பினார்கள்.